லட்சுமியைப் பார்த்து நீட்டிய கால்

காந்திமதி டிபன் ஹவுஸ்,
டாலிகஞ்ச், கல்கத்தா.
துன்மதி வருஷம் கார்த்திகை மாசம்.

சிரஞ்சீவி தம்பி சிதம்பரத்துக்கு, அக்காள் தாயம்மாள் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. பாளையங்கோட்டையில் நீயும் கமலமும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கேட்காமலே எனக்குத் தெரியும். சௌக்கியக் குறைவு வரும்போதுதான் உனக்கு அக்காள் விலாசம் அகப்படும். போன பங்குனிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. இங்கே நானும் சௌக்கியம் என்று எழுத வேண்டியதுதான் முறை, கை வரமாட்டேன் என்கிறது. கொஞ்ச நாளாகக் கடை வாசலில் பேண்ட் போட்ட ஆள் யார் வந்து நின்றாலும் இன்ஸ்பெக்டரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நேற்று வந்தவன் கொசு மருந்து அடிக்கிறவன். அது தெரியாமல் அவனை உட்காரவைத்து, வடையும் காப்பியும் கொடுத்து, என் கடையில் எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது என்று வங்காளத்திலே சொன்னேன். அவன் மிரண்டுபோய் மருந்தே அடிக்காமல் போய்விட்டான். ராத்திரி முழுக்கக் கொசு.

நீ லேபர் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். ஒரு முதலாளி எதைச் செய்தால் ஜெயில், எதைச் செய்தால் வெறும் அபராதம் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடமாக இருக்கும். ஆகையால் உன்னைக் கேட்கிறேன். உன்னிடம் இனி ஒன்றும் கேட்பதில்லை என்று பூங்கோதை கல்யாணத்தன்றைக்கு நெல்லையப்பர்மேல் சத்தியம் வைத்திருந்தேன். அதை இப்போது எழுதுவானேன் என்றுதான் பார்க்கிறேன். ஆனாலும் பேனா அந்தப் பக்கமே போகிறது. உன் மகள் கல்யாணத்துக்கு ஹவுராவில் ரயிலேறி, முட்டு வலியோடு மெட்ராஸ் வந்து, அங்கே வண்டி மாறி, வீங்கின காலோடு மண்டபத்துக்குள் வந்தேன். முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டிருந்தாய். மாப்பிள்ளை வீட்டாருக்கு அத்தனையும், தாசில்தாருக்கு ஒன்று. தாசில்தார் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி உன் மேல்துண்டை விரித்து வைத்திருந்தாய். நான் அதில் கை வைத்ததும் கமலம் ஓடிவந்து, “மதினி, அது தாசில்தாருக்குல்லா போட்டிருக்கு, நீங்க அந்தச் சமுக்காளத்துல செத்த இருங்களேன்” என்றாள். தரையில் நான் உட்கார்ந்தால் தூக்கிவிட ரெண்டு ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தூணைப் பிடித்துக்கொண்டே தாலி கட்டுகிறவரைக்கும் நின்றேன். தாசில்தார் கடைசிவரை வரவில்லை. உன் துண்டு மட்டும் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. கமலம் அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குக் கரை போட்ட மாம்பழக் கலர் பட்டு. சரி, அது போகட்டும். நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் இந்தக் கடையைத் திறந்தபோது ஒரு ஒழுங்கு வைத்தார்கள். சாப்பிட வருகிறவர்களை விட்டுவிட்டால், கடைக்குள் உட்காரலாம் என்றிருப்பது ரெண்டே பேர். தாமரைப் பூவில் லட்சுமி, அவள் படத்துக்குக் கீழே கல்லாவில் முதலாளி. மற்ற எல்லாரும் நிற்கவேண்டும். அடுப்படியில் மாஸ்டர் நிற்கவேண்டும், சப்ளையர் நிற்கவேண்டும், இலை எடுக்கிறவன் நிற்கவேண்டும். மாவாட்டுகிறவள் மட்டும் உட்கார்ந்துதானே ஆட்டமுடியும் என்று நான் கேட்டதற்கு, “அது கடை இல்ல தாயம்மா, அது கொல்லை” என்று அத்தான் வழக்கைத் தீர்த்துவிட்டார்கள். உட்கார்ந்த வேலைக்காரனைப் பார்த்தால் கடையில் வியாபாரம் இல்லை என்று தெருவுக்குத் தெரிந்துபோகும் என்பது அத்தான் கணக்கு. அத்தான் காலமான பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். ஒழுங்கு மாறவில்லை.

எங்கள் தோசை மாஸ்டர் செல்வராஜ். சங்கரன்கோயில் பக்கத்துப் பையனாக வந்து, இங்கேயே மீசை முளைத்து, கல்யாணம் பண்ணி, ஜானகி என்கிற பெண்டாட்டியோடு ஹவுராவில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறான். அவன் ஊற்றுகிற தோசைக்காக வங்காளிகள் மீன்குழம்பை வீட்டில் ஆறவைத்துவிட்டு என் கடையில் வரிசையில் நிற்பார்கள். பக்கத்து ஸ்டுடியோக்களில் படம் பிடிக்கிறவர்கள் ராஜா வேஷத்தோடேயே வந்து தின்றுவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் பூமிக்கு அடியில் ரயில் விடப்போகிறார்களாம், அதற்காகத் தெருவையெல்லாம் கிழித்துப் போட்டு, குழிக்குமேல் நடக்கப் பலகை போட்டிருக்கிறது. ஆனி மழையில் செல்வராஜ் ஒரு கையில் குடையும் மறு கையில் வாழையிலைக் கட்டுமாக அந்தப் பலகைமேல் வந்தான். ஒழுங்காகத்தான் வந்தான். எதிர்ப்பக்கமிருந்து சின்னசாமி வந்தான். லேக் மார்க்கெட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறானே, அந்தச் சின்னசாமி. அறுபத்தொன்பதாம் வருஷம் துர்கா பூஜை அஷ்டமியன்றைக்கு, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, என் காப்பி மாஸ்டரை ஆசைகாட்டி அடுப்பிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு போனவன். பெரிய மனுஷன் வருகிறானே என்று செல்வராஜ் ஒரு கும்பிடு போட்டிருக்கிறான். கும்பிட ரெண்டு கையும் வேண்டுமல்லவா? குடை ஒரு பக்கம், இலைக்கட்டு ஒரு பக்கம், இவன் குழிக்குள். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன், அந்தக் கால் ஒடிந்ததற்குக் காரணம் சின்னசாமி.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பிரித்து, மறுபடி போட்டு, ஆவணியில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். வலது முட்டு மடங்கவில்லை. மரக்கட்டை மாதிரி நேராக நிற்கிறது.

“ஆச்சி, வந்துட்டேன்.”

“வா. எங்க, நில்லு பாப்போம்.”

“நிக்கலாம் ஆச்சி. ஒரு ஈடு தோசைக்கு நிக்கலாம். அதுக்கு மேல போனா விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. ஒரு மோடாவப் போட்டு அடுப்பக் கொஞ்சம் தாழ்த்திக் குடுத்தியன்னா, உக்காந்துக்கிட்டே ஊத்திருவேன்.”

“உக்காந்தா? என் கடையிலயா? ஏல, நீ மாஸ்டரா, முதலாளியா?”

“நீங்க உக்காந்துதான ஆச்சி யாவாரம் பாக்கீய?”

“எனக்கு முட்டு முடியலைல்லா!”

“எனக்கும் அதான ஆச்சி.”

தம்பி, இதற்கு என்ன பதில் சொல்கிறது? பதில் வராதபோது முதலாளிகள் எதைச் செய்வார்களோ அதையே செய்தேன். நின்றால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டேன். கம்பை ஊன்றிக்கொண்டு டக்கு டக்கென்று போனான். ஆணியில் மாட்டியிருந்த, தோசை திருப்புகிற அவன் சட்டுவத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனான். ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டுவம், பிடியெல்லாம் அவன் கை மாதிரியே தேய்ந்தது.

அதற்கப்புறம் வந்த மாஸ்டர்களைப் பற்றி எழுதக் காகிதம் போதாது. ஒருத்தன் தினம் ஒரு சாமியை நினைத்துக்கொண்டு விரதம் என்று உப்பை ருசி பார்க்கமாட்டேன் என்றான். அடுத்தவனுக்கு வட்டம் வராது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற கோஷால்பாபு, அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல், இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாஷிமா, இது தோசை இல்லை, பங்களாதேஷ் வரைபடம். டாக்கா எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்” என்றார். செல்வராஜ் எங்கே என்று கேட்டார். சொன்னேன். மனுஷர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேப்பரை விரித்து, கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டார். வக்கீல் நின்றுகொண்டு பேசினாலே நான் கல்லாப்பெட்டியைப் பூட்டிவிடுவேன்.

“மாஷிமா, ஏ தோ அன்யாய்! இது என்ன வருஷம் தெரியுமா? உலகம் பூராவும் சேர்ந்து இதை ஊனமுற்றவர்கள் வருஷம் என்று அறிவித்திருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் கீழ்ப்படி வேலைகளில் நூற்றுக்கு மூன்று அவர்களுக்கென்றே ஒதுக்கியாகிவிட்டது. கால் முடியவில்லை என்று நீங்கள் ஆளை நிறுத்தினால் கேஸ் ஆகும். அவன் உட்கார இடம் செய்துகொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை.”

“யார் கேஸ் போடுவார்கள்?” என்றேன்.

“யார் வேண்டுமானாலும் போடலாம். நான்கூடப் போடலாம்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டே போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நூற்றுக்கு மூன்று என்றால் என் கடையில் இருக்கிற அஞ்சு பேருக்கு எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பார்த்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கீழ்வாய் இலக்கத்தில் உன்னைவிட நான்தான் கெட்டி, அப்பா உன்னை அடித்தது ஞாபகம் இருக்கிறதா? அரைக்கால் ஆளுக்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு ஆளுக்கு, சற்று மேலே வருகிறது. முழு ஆளாக இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம், அரைக்கால் ஆளை எங்கே தேடுவது? இல்லையென்றால் ஜெயில். எழுபது வயசுக்கு மேல் வங்காள ஜெயிலில் கடுகெண்ணெயில் சமைத்ததைத் தின்றுகொண்டு நான் உட்கார்ந்திருக்கவேண்டுமா? அங்கேயாவது நாற்காலி போடுவார்களோ என்னவோ.

இந்தப் பயத்தில் இருக்கும்போது ஜானகி வந்தாள். அழுவாள் என்று நினைத்து, அழுதால் என்ன சொல்வது என்று தயாராக இருந்தேன். அவள் அழவில்லை. முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, வாசலிலேயே நின்றாள்.

“ஆச்சி, அவுக சட்டுவத்தக் குடுத்திருங்க.”

“எதுக்குட்டீ?”

“லேக் மார்க்கெட்டு சின்னசாமி அண்ணாச்சி கடையில கேட்டு விட்டிருக்காவ. உக்காந்துக்கிட்டே ஊத்தலாம்னு சொல்லியிருக்காவளாம்.”

எனக்குத் தலைக்குமேல் ஏறியது பார். காலை ஒடித்தவனும் அவனே, ஆளைக் கொண்டுபோகிறவனும் அவனேயா? ஒரு தரம் அஷ்டமியன்றைக்குக் கொள்ளை போனது போதாதா? “சட்டுவம் இங்கதான் இருக்கும். வேணும்னா அவன வந்து சட்டுவத்தோட இருக்கச் சொல்லு” என்றேன். அவள் ஓடின ஓட்டத்தில் செருப்பு ஒன்று என் வாசலிலேயே கிடந்தது.

மறுநாள் கொத்தனாரை வைத்து அடுப்பை இடித்துத் தாழ்த்தினேன். பிரம்பு மோடா ஒன்று வாங்கிப் போட்டேன். செல்வராஜ் உட்கார்ந்தான். தோசை வட்டமாக வந்தது, நிலா மாதிரி. ஆனால் மடங்காத கால் இருக்கிறதே, அது நேராகச் சப்ளையர் நடக்கிற வழியில் நீட்டிக்கொண்டது. சப்ளையர் சுப்பு சாம்பார் வாளியோடு வந்தவன் அதில் தட்டி விழுந்தான். சாம்பார் ஸ்டுடியோவிலிருந்து வந்திருந்த ஒரு மந்திரி தலைப்பாகைமேல். அந்த ஆள் அன்றைக்கு முழுக்கச் சாம்பார் வாசனையோடு ராஜாவுக்கு யோசனை சொல்லியிருப்பார். இனி என்ன செய்ய என்று யோசித்து, அடுப்படிக்கும் கல்லாவுக்கும் நடுவே இருக்கிற பலகைத் தடுப்பில் ஆசாரியை வைத்து ஒரு ஓட்டை போட்டேன். கால் அதற்குள் போய்விட்டது. சுப்புவுக்கு வழி கிடைத்தது. கால் எங்கே போய் வெளியே வந்தது என்று கேள். என் கல்லா மேஜைக்கு அடியில். பாதம் நேரே கல்லாப்பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் சுவரில் இருக்கிற லட்சுமியைப் பார்த்து!

“ஏல செல்வராஜு, காலை மடக்குல, லட்சுமிக்கு நேரா நீட்டுத!”

“மடங்குனா நான் எதுக்கு ஆச்சி மோடாவுல உக்காரப்போறேன்?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வருகிறது.

லட்சுமியைப் பார்த்துக் காலை நீட்டினால் அவள் எழுந்து போய்விடுவாளே. காலை எடுக்கச் சொன்னால் சட்டம் வருமே. ஒரு பக்கம் தெய்வம், ஒரு பக்கம் சர்க்கார், நடுவில் நான். அந்தப் பாதத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அவன் மாவை வட்டமாக இழுக்கும்போது கட்டைவிரலும் கூடவே வட்டம் போடும். நல்ல தோசை விழுந்தால் விரல் ஆடும். துண்டு நழுவி விழும். நான் குனிந்து எடுக்கமுடியாது, என் முட்டு உனக்குத்தான் தெரியுமே. உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் நாற்காலி கொடுத்திருப்பாய்.

இதற்குள் துர்கா பூஜை முடிந்து விஜயா, அதுதான் நம் விஜயதசமி, வந்தது. இந்த ஊரில் அன்றைக்குச் சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவது வழக்கம். தெருப்பிள்ளைகள், ஸ்டுடியோப் பெண்கள், பேங்க் குமாஸ்தாக்கள் என்று வரிசையாக “மாஷிமா, மாஷிமா” என்று வந்தார்கள். நான் முட்டுக்குப் பற்றுப் போட்டு, காலைப் பக்கவாட்டில் ஒரு மோடாமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து, மேஜைக்கு அடியில் நீட்டியிருந்த பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மயிர் முளைத்த, மாவு தெறித்த செல்வராஜ் காலை! நான் மேலே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தருக்கும் நன்றாக இரு, நன்றாக இரு என்று தலையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன இது, யாரும் என் காலைத் தொடவில்லையே என்று குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. தடுப்புக்குப் பின்னால் அவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான். “எத்தனை பேருல?” என்றேன். “நானும் மனசுக்குள்ள எல்லாத்துக்கும் ஆசீர்வாதம் பண்ணிட்டேன் ஆச்சி, விட்டுப்போகல” என்றான். நல்ல வீட்டுப் பெண்கள் காதுக்கு எட்டியிருந்தால் கடைக்குத் தீ வைத்திருப்பார்கள்.

அந்த விஜயா கழிந்து, இங்கே வங்காளிகள் லட்சுமி பூஜை செய்கிற பௌர்ணமி வருகிறதற்குள் ஒரு முடிவு செய்தேன். அத்தான் மாட்டிய இடத்திலிருந்து லட்சுமியை எடுத்து, அடுப்படிச் சுவரில், செல்வராஜ் தலைக்கு மேலே மாட்டிவிட்டேன். இப்போது லட்சுமியும் காலும் ஒரே திசையைப் பார்க்கின்றன. அவளுக்கு மரியாதைக் குறைவு இல்லை. காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான் ஒருத்திதான்.

இத்தோடு போயிற்றா? சட்டம் வந்துவிட்டது என்று காதில் விழுந்ததும் கடையில் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வியாதி முளைத்துவிட்டது. சுப்பு பேண்ட்டைச் சுருட்டி நரம்பைக் காட்டுகிறான். இலை எடுக்கிறவனுக்கு இடுப்பாம். அவன் இலை எடுக்கிறதே குனிந்துதான், குனிய முடியாது என்றால் இலையைக் கூரையிலா போட்டுச் சாப்பிடுவார்கள்? நாலு பேரும் மோடாவில் உட்கார்ந்துகொண்டால், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறவள் நான்தான்.

இன்னொரு காரியமும் செய்துவிட்டேன், அதுதான் இப்போது பெரிய பயம். இந்தச் சட்டத்தில் நான் மட்டும் மாட்டிக்கொள்ள, சின்னசாமி கை வீசிக்கொண்டு நடப்பானா என்று எனக்கு ஆற்றாமை. ஐப்பசியில் கோயிலில் கந்தசஷ்டிக்கு இங்கே உள்ள நம் ஹோட்டல்காரர்கள் குடும்பம் எல்லாம் வந்திருந்தது. சின்னசாமி பெண்டாட்டி காதில் விழுகிறமாதிரி, புதுச் சட்டம் வந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் கடை கடையாக வருகிறான், முடியாதவனை வேலைக்கு வைக்காத கடைக்குப் பூட்டு, வைத்தவன் உட்கார இடம் கொடுக்காவிட்டால் அதற்கும் பூட்டு என்று சொன்னேன். பூட்டு என்பது நான் சேர்த்தது. இன்ஸ்பெக்டரும் நான் சேர்த்ததுதான் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்துக்குள் அத்தனை கடைகளிலும் மோடா ஏறிவிட்டது. சின்னசாமி முந்திக்கொண்டு, ஹவுராப் பட்டறையில் ஒரு கையை இழந்து சும்மா இருந்த ஒருத்தனைக் கூட்டிவந்து கல்லாவிலேயே வைத்துவிட்டான். காசு குறைந்தால் எந்தக் கை என்று தேடவேண்டியதில்லை என்று அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாம். அந்த ஆள் ஒரு கையால் சில்லறை கொடுக்கிற வேகத்தைப் பார்க்க ஜனம் போய் நிற்கிறது. இதற்கும் நான்தான் காரணம், இதற்கும் ஒரு நன்றி கிடையாது.

ஆகையால் தம்பி, நீ உடனே பதில் எழுதவேண்டியது. நரம்பு சுருட்டிக்கொண்டதெல்லாம் இந்தச் சட்டத்தில் வருமா? மோடா கொடுத்தால் போதுமா, முதுகுக்குச் சாய்மானம் உள்ளதாக இருக்கவேண்டுமா? கால் நீட்டுகிற ஓட்டைக்கு முனிசிபாலிட்டியில் அனுமதி வாங்கணுமா? அரைக்காலுக்குச் சற்று மேலே வருவதை முழு ஆளாக வைத்திருக்கிறேனே, மிச்சத்துக்குச் சர்க்கார் எனக்கு ஏதாவது சலுகை தருமா? கமலத்திடம் கேட்டு எழுதாதே. நீயாக யோசித்து எழுது. நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முன்வரிசையில் இடம் கிடைத்து, நீடூழி வாழவேண்டும் என்று காந்திமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
தாயம்மாள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கோஷால்பாபு வந்துவிட்டார். உனக்கு எழுதியிருக்கிறேன், நீ லேபர் ஆபீஸ், எல்லாச் சட்டமும் தெரிந்தவன் என்று சொன்னேன். மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. “மாஷிமா, கோபித்துக்கொள்ளாதீர்கள்” என்று ஆரம்பித்தார். ஊனமுற்றவர்கள் வருஷம் நிஜமாம். நூற்றுக்கு மூன்றும் நிஜமாம், ஆனால் அது சர்க்காரின் சொந்த உத்தியோகத்துக்கு. என்னைப்போல் சின்னக் கடைக்காரியைக் கட்டுப்படுத்துகிற அந்த மாதிரிச் சட்டம் எதுவும் இன்றுவரை கிடையாதாம். ஒரு மாச நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிட்டால் என்னை ஏன் என்று கேட்க ஆள் இல்லையாம். “பின்னே ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்றேன். “பங்களாதேஷைத் தின்னமுடியவில்லை மாஷிமா” என்கிறார். அந்த நேரம் பார்த்துப் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த ஜானகியை நிறுத்தி, சின்னசாமி கேட்டு விட்டது நிஜமா என்றேன். “இல்ல ஆச்சி. அவரு பேரச் சொன்னாத்தான் நீங்க விடமாட்டியன்னு சொன்னேன்” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ரெண்டு பயமும் பொய், தம்பி. மேலே எழுதினது அத்தனையும் வீண். நான் ஒருவருக்கும் பயப்படவேண்டியதில்லை. அடுப்பைத் திரும்ப உயர்த்தலாம், லட்சுமியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம், நின்றால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

இதெல்லாம் அந்த ஓட்டை வழியாகச் செல்வராஜுக்குக் கேட்டிருக்கிறது. மேஜைக்கு அடியில் பார்த்தேன். கட்டைவிரல் ஆடவில்லை. கருகல் வாசனை வந்தது. இந்தக் கடையில் அவன் தோசை கருகி நான் பார்த்ததில்லை. ஜானகி தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. “ஏல, கருகுதுல்லா! சட்டப்படி உக்காத்தி வச்சிருக்கேன், சட்டப்படி ஊத்து!” என்று கத்தினேன். அப்புறம் மாவு விழுகிற ஸ்ஸ் கேட்டது. விரல் ஆட ஆரம்பித்தது. சட்டம் இல்லை என்று வெளியே மூச்சு விட்டால் இந்த ஜென்மத்தில் உமக்குத் தோசை கிடையாது என்று கோஷால்பாபுவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆகையால் நீ மேலே கேட்டதற்கெல்லாம் பதில் எழுதவேண்டாம். சட்டம் இல்லை என்று தெரிந்தால் சின்னசாமி கடையில் அந்த ஒற்றைக் கைக்காரன் தெருவுக்கு வருவான், மற்ற கடைக்காரர்கள் மோடாவைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வருவார்கள். சட்டம் இருக்கிறது என்று நீ இங்கிலீஷில் டைப் அடித்து, லேபர் ஆபீஸ் சூப்பிரண்டு ரிட்டயர்ட் என்று பெரிசாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கண்ணாடி போட்டு லட்சுமிக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன். அதிலே கடைசியாக ஒரு வரி சேர்த்துக்கொள்: கல்யாண வீடுகளிலும் முட்டு முடியாதவர்களுக்குத்தான் முதல் நாற்காலி, அப்புறம்தான் தாசில்தார். தேதியை மட்டும் பூங்கோதை கல்யாணத்துக்கு முந்தின மாசமாகப் போடு.